தலைசுற்றல் வந்தால் படுத்தே கிடக்க வேண்டாம்: வீட்டில் செய்யும் சமநிலைப் பயிற்சிகள்

தலைசுற்றலுக்காக என்னிடம் வருகிறவர்கள் பலரும் ஒரு துணிப்பையோடு வருவார்கள். கழுத்து எக்ஸ்ரே, மூளை ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள், மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகளின் அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். சிலர் கழுத்தில் காலரும் போட்டிருப்பார்கள். "கழுத்தெலும்பு தேஞ்சிருக்காம் தாயி, அதாம் சுத்துதாம்" என்பார்கள். வயதானவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தெலும்பில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். ஒருநாளும் தலை சுற்றாதவர்களுக்கும் அது இருக்கும். காலரைப் போட்டுக் கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பது இவர்களில் பலருக்குக் கெடுதலே செய்கிறது.

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றல், சமநிலை இழப்பு, நடைத் தடுமாற்றம் இவைதான் என் அன்றாட வேலை. இவற்றுக்கெனத் தனியாக ஒரு சிகிச்சை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன் என்ற காது அறுவை மருத்துவரும் குக்ஸி என்ற மருத்துவரும், உள்காது பழுதானவர்களில் சீக்கிரம் எழுந்து நடமாடியவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள் என்று கண்டார்கள். கண், தலை, உடம்பு என்று படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை வகுத்தார்கள். சத்தமும் கூட்டமும் உள்ள இடங்களுக்குப் போய்ப் பழகவும் சொன்னார்கள். இன்று நாங்கள் செய்வது அந்த அடித்தளத்தின் மேல் கட்டியதுதான். உள்காது அனுப்பும் தகவல் பிசகிவிட்டால் மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் தலை அசைந்தால்தான் பிசகு எங்கே என்று மூளைக்குத் தெரியவரும். பயந்து படுத்தே கிடப்பவருக்கு அந்தத் திருத்தம் நடப்பதில்லை.

அதற்காக எல்லாத் தலைசுற்றலுக்கும் ஒரே பயிற்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் எதைச் செய்வது என்ற பேச்சே.

முதலில் ஆபத்து இல்லையென்று உறுதிசெய்யுங்கள்

தலைசுற்றலோடு நாக்குக் குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை காலில் பலமோ உணர்ச்சியோ குறைந்தால், பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், இதுவரை வராத கடும் தலைவலி திடீரென வந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் சாய்ந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருக்கலாம். மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுக்கவும் நேரம் பிடிக்கும். "பித்தமா இருக்கும், எலுமிச்சை பிழிஞ்சு குடிச்சுப் பாப்போம்" என்று காத்திருப்பதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம். ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். எங்கள் பக்கத்தில் என்றால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி.

நெஞ்சுவலியோடோ படபடப்போடோ நினைவு தப்பி விழுந்தாலும் இதே அவசரம்தான். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

என்ன செய்யும்போது? எவ்வளவு நேரம்?

கிறுகிறுப்பு, கிறக்கம், மயக்கம், தள்ளாட்டம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. எதைச் செய்யும்போது வருகிறது, எத்தனை நேரம் நிற்கிறது என்ற இரண்டையும்தான் துருவிக் கேட்பேன். நீங்களும் உங்களையோ வீட்டுப் பெரியவரையோ கேட்டுப் பாருங்கள்.

கட்டிலில் சாயும்போது, புரண்டு படுக்கும்போது, கொடியில் துணி போட அண்ணாந்து பார்க்கும்போது, பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது வீடே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் உள்காதிலுள்ள நுண்ணிய கால்சியம் படிகம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒருநாள் திடீரெனத் தொடங்கி, வாந்தியோடு இரண்டு மூன்று நாள் விடாமல் சுற்றி, பிறகு தலையைத் திருப்பினால் மட்டும் தடுமாறுகிறது என்றால் காதின் சமநிலை நரம்பில் அழற்சி வந்து போயிருக்கலாம். ஆனால் விடாமல் சுற்றும் அந்த முதல் நாளில் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பக்கவாதமும் சில நேரம் அதே வேஷத்தில் வரும். காதடைப்பு, இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றுவதும், ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வருவதும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவை.

உட்கார்ந்து எழுந்தால் மட்டும் கண் இருட்டுகிறது என்றால் பி.பி. பாருங்கள், அதுவும் நின்றபடி. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள். பி.பி. மாத்திரையோ புரோஸ்டேட் மாத்திரையோ காரணமாக இருக்கலாம். நம் ஆஸ்பத்திரிகளில் உட்காரவைத்து மட்டுமே பி.பி. பார்ப்பதால் இது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை, இருட்டில் நடந்தாலும் கண்ணை மூடினாலும் தள்ளாடுகிறது என்றால் பாதத்தைப் பாருங்கள். சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மங்கிப்போய், தரை எங்கே என்ற தகவலே மூளைக்குச் சரியாகப் போவதில்லை.

படுத்தால் சுற்றுகிறவர்களுக்கு

தச்சநல்லூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் படுக்கவே பயந்து, மாதக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்தபடியே இரவைக் கழித்திருந்தார். "படுத்தா வீடே சுத்துது தாயி, அதாம் சேர்லயே ஒறங்குதேன்" என்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு அசைவுச் சிகிச்சை. அன்று ராத்திரியே கட்டிலில் படுத்தார்.

நடந்தது இதுதான். உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாலோ தலையில் அடி பட்டதாலோ அவை உதிர்ந்து, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள். தலையைச் சாய்க்கும்போது படிகம் உருள, குழாயின் திரவம் நகர, உடம்பு சுழல்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. உள்ளே போன படிகத்தை எந்த மாத்திரையாலும் வெளியே தள்ள முடியாது. தலையைச் சரியான வரிசையில் திருப்பினால் புவியீர்ப்பே அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த காது மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த இந்த முறை 1992இல் கட்டுரையாக வெளிவந்தது. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும்.

முதல் முறை இதைத் தெரிந்தவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. எந்தக் காது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி. 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனையில் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து விழியைப் பார்ப்போம். கோளாறுள்ள பக்கம் திருப்பிப் படுத்தால் சில நொடிகளில் விழி துடித்துச் சுழலும், பிறகு அடங்கும். வீட்டில் சுற்றல் வரும்போது யாராவது செல்போனில் கண்ணை நெருக்கமாக வீடியோ எடுத்து வையுங்கள். கண்ணை மூடிக்கொள்ள விடாதீர்கள். ஸ்கேன் சொல்லாததை அந்த வீடியோ சொல்லிவிடும்.

வலது காது என்று உறுதியானவர்கள் வீட்டில் மறுபடி செய்வது இப்படி. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். படுத்தால் தோளுக்கு அடியில் வரும்படி பின்னால் ஒரு தலையணை வையுங்கள். தலையை வலப்பக்கம் பாதித் திருப்பல், அதாவது 45 டிகிரி, திருப்புங்கள். திருப்பிய தலை மாறாமல் வேகமாகச் சாய்ந்து படுங்கள். தோள் தலையணையிலும், தலை அதைத் தாண்டிச் சற்றே பின்னால் தொங்கியும் இருக்க வேண்டும். சுற்றும். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். சுற்றல் நின்ற பிறகும் சேர்த்து அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை அப்படியே இருங்கள். பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்கள். மறுபடி அதே நேரம். அடுத்து தலையையும் உடம்பையும் சேர்த்து இடப்பக்கம் புரண்டு, மூக்கு கீழே மெத்தையைப் பார்க்கும்படி படுங்கள். மறுபடி அதே நேரம். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தியபடி இடப்பக்கமாகவே மெதுவாக எழுந்து உட்காருங்கள். எழுந்தவுடன் இறங்கி நடக்க வேண்டாம். பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். இடது காது என்றால் வலம் இடம் மாற்றிச் செய்யுங்கள்.

பாயில் படுத்துப் பழகியவர்கள் தரையிலேயே செய்யலாம், விழுகிற பயமில்லை. முடித்துவிட்டுத் தரையிலிருந்து எழுப்பிவிட மட்டும் ஆள் வேண்டும். கழுத்தில் அறுவை செய்தவர்கள், முடக்குவாதத்தால் கழுத்து மூட்டு பாதித்தவர்கள், விழித்திரை விலகியவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் வீட்டில் இதைத் தொடவே கூடாது.

செய்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அதற்கு அவசியமில்லை என்று இப்போது தெளிவாகிவிட்டது. சில நாளைக்கு மிதப்பது போல லேசாக இருக்கும், அது போய்விடும். மாதங்கள் கழித்து மறுபடி சுற்றல் வரவும் கூடும். வந்தால் பயப்படாமல் மறுபடி செய்துகொள்ளலாம். அடிக்கடி வருகிறவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு பக்கம் புரண்டாலும் பலமாகச் சுற்றுகிறது, அண்ணாந்தால் அவ்வளவாக இல்லை என்றால் படிகம் வேறு குழாயில் இருக்கலாம். அதற்கு அசைவு முறை வேறு. இதையே திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போகாதீர்கள்.

சுவரில் ஒரு 'அ'

நரம்பு அழற்சி வந்து ஒரு பக்கக் காது பலமிழந்தவர்களுக்கு வாந்தியும் சுற்றலும் அடங்கிய பின்னும் ஒரு தொல்லை மிஞ்சும். நடக்கும்போது கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. ஓடிக்கொண்டே செல்போனில் எடுத்த வீடியோபோல எல்லாம் குலுங்கும். தலை ஒரு பக்கம் திரும்பும்போது விழியை எதிர்ப்பக்கம் அதே அளவு நகர்த்தி, பார்வையை நிலையாக வைப்பது உள்காதின் வேலை. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் அது தொடங்கிவிடுகிறது. காது பலமிழந்தால் விழி பிந்திவிடும். அந்தப் பிந்தலைத்தான் பயிற்சியால் சரிசெய்கிறோம்.

ஒரு வெள்ளைத்தாளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு 'அ' எழுதி, வெறும் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஒரு கை தூரத்தில் நாற்காலியில் உட்காருங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், 'இல்லை' என்று தலையாட்டுவதுபோல இடமும் வலமுமாகக் கொஞ்சமாகத் திருப்புங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும்வரை வேகத்தைக் கூட்டுங்கள். கலங்கினால் கொஞ்சம் குறையுங்கள். தெளிவாகத் தெரிவதற்கும் கலங்குவதற்கும் நடுவில் உள்ள அந்த விளிம்பு வேகத்தில்தான் மூளை கற்கும். மிக மெதுவாக ஆட்டினால் பலனே இல்லை. ஒரு நிமிடம் செய்து, ஓய்வெடுத்து, மேலும் கீழுமாக இன்னொரு நிமிடம்.

அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பாதிப்பு புதிதென்றால் மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 12 நிமிடமாவது, மாதக்கணக்கில் இருப்பதென்றால் 20 நிமிடமாவது இதைச் செய்ய வேண்டும். 4 முதல் 6 வாரம் விடக்கூடாது. காலை ஒரு மூச்சில் முடித்துவிட்டு நாளெல்லாம் சும்மா இருப்பது வேண்டாம். பல் தேய்த்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன், சீரியலுக்கு முன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் செய்தால் குமட்டும்.

செய்யும்போது கொஞ்சம் கிறுகிறுக்கும். அது வேண்டியதுதான். கிறுகிறுப்புக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டால் ஐந்தைத் தாண்டாமலும், நிறுத்திய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கியும் இருந்தால் சரியான அளவு. சாயங்காலம்வரை நீடித்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.

உட்கார்ந்து எளிதானதும் நின்று செய்யுங்கள். பிறகு காலைச் சேர்த்து வைத்து. பிறகு எழுத்தைப் பார்த்தபடியே நடந்து. கடைசியாக, கட்டம் போட்ட சாரம் (கைலி) ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு அதன்மேல் தாளை ஒட்டுங்கள். பின்னால் கட்டங்கள் இருந்தால் கண்ணுக்கு வேலை இரட்டிப்பாகும். டவுன் பஸ் கண்டக்டர் அண்ணாச்சி ஒருவருக்கு இந்தப் படி முடிந்ததும், வீட்டு வராண்டாவில் நடந்துகொண்டே டிக்கெட் கட்டைப் பார்ப்பது, தலையைத் தூக்கி எதிரே நிற்கும் மகன் முகத்தைப் பார்ப்பது, மறுபடி டிக்கெட் என்று கொடுத்தேன். யாருக்கு எந்த வேலைக்குத் திரும்ப வேண்டுமோ அந்த வேலையின் அசைவே நல்ல பயிற்சி. சமையல்கட்டு வேலை என்றால் மேலடுக்கும் கீழடுக்கும் மாறி மாறிப் பார்ப்பது. வீட்டில் தேறியவர்கள் கூட்டமில்லாத நேரத்தில் கடைத்தெருவுக்குத் துணையோடு போய்வர வேண்டும்.

மூலையில் நிற்பது

விழுந்துவிடும் பயமுள்ளவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இரண்டு சுவர் சேரும் மூலை. முதுகுப்பக்கம் மூலை, முன்னால் கனமான நாற்காலி ஒன்று. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடி கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பாதங்களைச் சேர்த்து 10 நொடி நில்லுங்கள். முடிந்தால் ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வைத்து நில்லுங்கள். பிறகு ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில். பிறகு ஒற்றைக் காலில். ஒரே கோட்டில் 10 நொடி நிற்க முடியாத பெரியவருக்கு விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையில் தடுமாறுகிறாரோ அங்கேதான் பயிற்சி தொடங்க வேண்டும். அந்த நிலையில் அரை நிமிடம் நிற்க வந்ததும் தலையை இடம் வலம் திருப்புவது, அதன்பின் கண்ணை மூடுவது, அதன்பின் தலையணை மேல் நிற்பது. ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்க்காதீர்கள்.

கண்ணை மூடி நிற்பதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் குளியலறை. தலைக்குக் குளிக்கையில் சோப்பு நுரைக்காகக் கண்ணை இறுக மூடுகிறோம். காலடியில் ஈரத் தரை. கண்ணும் போய், பாதத்தின் பிடிப்பும் போனால் சமநிலைக்கு மிச்சமிருப்பது காது மட்டும். அதுவும் பழுதானவர் அங்கே விழாமல் இருப்பதே அதிசயம். சரியாகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். சுவரில் திருகாணி போட்ட கைப்பிடி வையுங்கள், டவல் கம்பியை நம்பாதீர்கள். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை இன்றே மாற்றுங்கள்.

சமநிலைக்குத் தொடை பலமும் வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக நாளுக்கு இரண்டு வேளை செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது

நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல். நன்றாக நடந்து வந்தவர் நிலைப்படி அருகில் வந்ததும் கால் ஒட்டினாற்போல நின்றுவிடுவார். வீட்டிலுள்ளவர்கள் பதறிக் கையைப் பிடித்து இழுப்பார்கள். உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார். இழுக்காதீர்கள். முழுக்க நிற்கச் சொல்லுங்கள். உடம்பின் எடையை இடது கால், வலது கால் என்று இரண்டு முறை மாற்றி ஊன்றி, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணி, பெரிய எட்டாக எடுத்து வைக்கட்டும். அடிக்கடி நிற்கும் இடத்தில், நடக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு எட்டு இடைவெளியில் வண்ண டேப் ஒட்டுங்கள். தானாக வராத அடி, தாண்ட ஒரு கோடு இருந்தால் பலருக்கு வந்துவிடும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையும் உதவியும்

வாந்தியோடு சுற்றும் முதல் சில நாளுக்குச் சுற்றலை அடக்கும் மாத்திரை தேவைப்படும். புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளையின் திருத்தமும் தாமதமாகும், சில முதியவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வந்துவிடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். எழுதிய மருத்துவரிடம் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிசியோதெரபிஸ்டைத் தேடும்போது, தலைசுற்றல் நோயாளிகளைப் பார்ப்பதுண்டா, விழி அசைவைச் சோதிப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கரண்டு வைப்பதும் கழுத்தை இழுப்பதும் மட்டுமே செய்கிற இடம் இதற்கு உதவாது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெரியவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து, எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை எந்த அசைவில் சுற்றியது, எத்தனை நொடி நின்றது, எந்தப் பக்கம் தள்ளியது என்று ஒரு தாளில் தேதியோடு குறித்து வாருங்கள்.